‘நம்பியிருந்தோம்’: சிலுவை எப்படிக் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு அடிப்படையானது

லூக்கா நற்செய்தியின் கடைசி அதிகாரத்தில், இயேசு சிலுவையில் அறையப்பட்ட மூன்றாம் நாள், இரண்டு சீடர்கள் எருசலேமை விட்டு எம்மாவு என்னும் ஊரை நோக்கி நடந்து போகிறார்கள். வழியில் ஒருவர் அவர்களோடு சேர்ந்துகொண்டு, எதைப் பற்றிப் பேசிக்கொண்டு போகிறீர்கள் என்று கேட்கிறார். அவர்கள் முகம் வாடி நிற்கிறார்கள். நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, இஸ்ரவேலை மீட்கப்போகிறவர் அவரே என்று “நம்பியிருந்தோம்” என்கிறார்கள். அந்த வினையின் காலத்தைக் கவனியுங்கள். சிலுவையை நேரில் கண்ட தலைமுறைக்கு அது நம்பிக்கை முடிந்துபோனதற்கு அடையாளமாக இருந்தது.

இன்று அதே சிலுவை கழுத்துச் சங்கிலியிலும் வீட்டுச் சுவரிலும் கல்லறையின் தலைமாட்டிலும் இருக்கிறது. அதைப் பற்றிய பேச்சும் எங்கும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் மேலோட்டமாக இருக்கிறது. சிலர் அதைக் கெட்டது அண்டாமல் காக்கும் பொருளாகக் கருதுகிறார்கள். சிலர் எந்தத் துன்பத்தையும் ‘சிலுவை’ என்று அழைத்துச் சகித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வேறு சிலரோ ‘எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்ற பொதுவான ஆறுதலையே கிறிஸ்தவ நம்பிக்கை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மூன்றும் ஏன் போதாது என்பதையும், ‘சிலுவையே எங்கள் நம்பிக்கை’ என்று கிறிஸ்தவர்கள் சொல்லும்போது உண்மையில் எதைச் சொல்கிறார்கள் என்பதையும், இதைப் புதிதாகக் கேட்பவர்களுக்கும் புரியும்படி விளக்க முயல்கிறேன்.

முதலில், ‘நம்பிக்கை’ என்ற சொல்

தமிழில் இந்தச் சொல்லிலேயே ஒரு குழப்பம் தொடங்குகிறது. தொடக்ககாலத் திருச்சபையின் தூதராகிய பவுல் கொரிந்து நகரத்தாருக்கு எழுதிய முதல் கடிதத்தின் 13ஆம் அதிகாரம் என்றும் நிலைத்திருக்கும் மூன்றைக் குறிப்பிடுகிறது. பழைய மொழிபெயர்ப்பில் அவை விசுவாசம், நம்பிக்கை, அன்பு. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பிலோ அவை நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு. ஒன்றில் இரண்டாவதாக நிற்கும் சொல் மற்றொன்றில் முதலாவதாக நிற்கிறது. இரண்டு மரபுகளில் வளர்ந்தவர்கள் ஒரே அறையில் உட்கார்ந்து ‘நம்பிக்கை’ பற்றிப் பேசும்போது, ஒருவர் கடவுளைச் சார்ந்திருப்பதைப் பற்றியும் மற்றவர் வரப்போவதற்குக் காத்திருப்பதைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இந்தக் கட்டுரையில் ‘விசுவாசம்’ என்பது கடவுள்மேல் வைக்கும் பற்றுறுதியைக் குறிக்கும். ‘நம்பிக்கை’ என்பது கடவுள் வாக்களித்தது வந்தே தீரும் என்று எதிர்நோக்கிக் காத்திருப்பதைக் குறிக்கும்.

இந்த நம்பிக்கையை ஆசையிலிருந்தும் ஊகத்திலிருந்தும் பிரித்துப் பார்க்க வேண்டும். நாளை மழை பெய்தால் நன்றாக இருக்கும் என்பது ஆசை. வானம் இருண்டிருப்பதால் மழை பெய்யும் என்பது ஊகம். ‘மாலையில் வந்து உன்னை அழைத்துப் போகிறேன்’ என்று தாய் சொல்லிவிட்டுப் போனதால், பள்ளிக்கூட வாசலில் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகும் ஒரு குழந்தை தெருமுனையையே பார்த்துக்கொண்டு நிற்பது நம்பிக்கை. அந்தக் குழந்தையிடம் நிகழ்தகவுக் கணக்கு எதுவும் இல்லை. தாயின் சொல்லும், தாய் இதுவரை எப்படி நடந்துகொண்டிருக்கிறாள் என்ற அனுபவமும்தான் அதனிடம் இருக்கின்றன.

ஆகவே, சூழ்நிலை நன்றாக இருந்தால் வலுப்பட்டு, கெட்டால் தளர்ந்துபோவது கிறிஸ்தவர்கள் சொல்லும் நம்பிக்கை ஆகாது. அது ஒருவருடைய சொல்லின்மேலும் செயலின்மேலும் நிற்கிறது. அப்படியானால் அந்த ஒருவர் கொலைமரத்தில் தொங்கி இறந்தது அந்த நம்பிக்கையை முறித்துப்போட்டிருக்க வேண்டும். எம்மாவுக்குப் போன இருவரும் நினைத்தது சரிதானே?

சிலுவை அன்று என்னவாக இருந்தது

பழகிப்போன அடையாளம் கூர்மையை இழந்துவிடுகிறது. சிலுவை ரோமப் பேரரசின் மரணதண்டனைக் கருவி. அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரியது. ரோமக் குடிமக்களுக்கு அந்தத் தண்டனை பொதுவாக விதிக்கப்படவில்லை. ஸ்பார்டகஸ் என்பவர் தலைமையில் கிளர்ந்த அடிமைகள் கி.மு. 71இல் தோற்கடிக்கப்பட்டபோது, கப்புவா நகரிலிருந்து ரோம் வரை செல்லும் நெடுஞ்சாலையோரம் ஏறத்தாழ 6,000 பேர் சிலுவைகளில் தொங்கவிடப்பட்டார்கள். கொல்வதோடு அதன் நோக்கம் முடிந்துவிடவில்லை. வழிப்போக்கர்கள் பார்க்க வேண்டும், பார்த்து அஞ்ச வேண்டும், தொங்குகிறவன் ஒரு மனிதன் என்பதையே மறக்க வேண்டும் என்பதுதான் நோக்கம்.

1968இல் எருசலேமின் வடகிழக்குப் பகுதியில் பழைய கல்லறை ஒன்றைத் தோண்டியபோது, எலும்புகளை இட்டுவைக்கும் கற்பெட்டி ஒன்று கிடைத்தது. அதில் யெகோகானான் என்ற பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. உள்ளே இருந்த குதிகால் எலும்பு ஒன்றில், ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் நீளமுள்ள இரும்பாணி பாய்ந்து நின்றது. ஆணியின் முனை வளைந்துபோயிருந்ததால், உடலைச் சிலுவையிலிருந்து இறக்கியவர்களால் அதைப் பிடுங்க முடியாமல் போயிருக்க வேண்டும். முதல் நூற்றாண்டில் அந்த நகரத்தில் சிலுவை என்றால் என்ன பொருள் என்பதற்கு அந்த ஒரு குதிகால் போதும்.

யூத மக்களுக்கு இதில் இன்னொரு வேதனையும் இருந்தது. மரத்தில் தொங்கவிடப்பட்டவன் கடவுளின் சாபத்துக்கு உள்ளானவன் என்று அவர்களுடைய திருச்சட்ட நூல்களுள் ஒன்றான உபாகமத்தின் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. எனவே பொந்தியு பிலாத்து என்ற ரோம ஆளுநர் இயேசுவைச் சிலுவைக்கு ஒப்புக்கொடுத்தபோது, சீடர்கள் இரண்டு தீர்ப்புகளைக் கேட்டார்கள்: பேரரசு இவரைக் குற்றவாளி என்கிறது, கடவுளும் இவரைக் கைவிட்டார் என்று தோன்றுகிறது. ‘நம்பியிருந்தோம்’ என்ற சொல் இந்த இரட்டைத் தீர்ப்பிலிருந்து பிறந்தது.

வெளியாட்களுக்கோ இது நகைப்புக்குரியதாக இருந்தது. ரோமின் பாலத்தீன் குன்றில் 1857இல் கண்டெடுக்கப்பட்ட ஒரு சுவர்க் கிறுக்கலில், கழுதைத் தலையுடைய ஓர் உருவம் சிலுவையில் தொங்குகிறது. கீழே ஓர் இளைஞன் கையுயர்த்தி நிற்கிறான். ‘அலெக்சாமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்’ என்று கிரேக்கத்தில் கீறியிருக்கிறார்கள். ஏறத்தாழ கி.பி. 200ஐ ஒட்டியது என்று பலரால் கணிக்கப்படும் இந்தக் கேலிச் சித்திரம், சிலுவையில் அறையப்பட்டவரைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய ஓவியங்களுள் ஒன்று. அலெக்சாமெனோஸ் யார் என்று நமக்குத் தெரியாது. தன் உடன் இருந்தவர்கள் சுவரில் கீறிவைத்த அந்தப் படத்தை அவன் தினமும் கடந்து போயிருப்பான் என்று நினைக்கும்போது எனக்கு அவன்மேல் பெரும் மரியாதை உண்டாகிறது.

இதுவரை பார்த்ததில் இரண்டை நினைவில் வைத்துக்கொள்வோம். நம்பிக்கை என்பது வாக்களித்தவரைச் சார்ந்து நிற்பது. சிலுவை, வெளிப்பார்வைக்கு, அந்த வாக்களித்தவர் தோற்றுப்போனதாக அறிவித்த பலகை.

மன்னிப்பில் நட்டம் யாருக்கு?

சிலுவையில் நடந்தது என்ன என்பதை விளக்க, அன்றாட வாழ்விலிருந்து ஓர் ஒப்புமையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் நண்பருக்குக் கடன் கொடுத்து, கையெழுத்திட்ட சீட்டு ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார். நண்பரால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கொடுத்தவர் ஒருநாள் அந்தச் சீட்டைக் கிழித்துப்போட்டு, ‘இனி நீ எனக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை’ என்கிறார். கடன் மறைந்துவிட்டதா? நண்பரின் தோளிலிருந்து இறங்கிவிட்டது, அவ்வளவுதான். அந்தத் தொகை கொடுத்தவரின் வீட்டில் குறைகிறது. அவருடைய பிள்ளையின் படிப்பிலோ மருத்துவச் செலவிலோ எங்கோ ஓரிடத்தில் அந்தக் குறைவு தெரியத்தான் செய்யும்.

பணம் சம்பந்தப்படாத குற்றங்களிலும் இப்படித்தான். உங்களைப் பற்றி ஒருவர் பொய்யான அவதூறு பரப்புகிறார். பிறகு மனம் வருந்தி வருகிறார். நீங்கள் மன்னிக்கிறீர்கள் என்றால், அவர் உங்களுக்கு ஏற்படுத்திய அவமானத்தை அவருக்கே திருப்பிக் கொடுக்காமல் நீங்களே தாங்கிக்கொள்கிறீர்கள் என்று பொருள். தவறு ஒன்றும் நடக்கவில்லை என்று பாவிப்பது மன்னிப்பாகாது. நடந்தது தவறுதான் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் மன்னிப்புக்கே இடமுண்டு.

இப்போது ‘பாவம்’ என்ற சொல்லுக்கு வருவோம். பாவம் என்பது கடவுளோடும் சக மனிதரோடும் நமக்கு இருக்க வேண்டிய உறவை முறித்துவிடும் செயல்களும், அச்செயல்களுக்குப் பின்னால் நம்மைப் பிடித்திருக்கும் நிலையும் ஆகும். அந்த முறிவின் நட்டத்தைக் கடவுள் பிறர்மேல் சுமத்தாமல் தாமே ஏற்றுக்கொண்ட இடம் சிலுவை என்பதே கிறிஸ்தவ விசுவாசத்தின் மையக் கூற்று. கொலோசெ நகரத்தாருக்கு எழுதப்பட்ட கடிதம் கடன்சீட்டு உவமையையே கையாள்கிறது. நமக்கு எதிராக இருந்த ‘கையெழுத்து’ சிலுவையில் ஆணியடிக்கப்பட்டது என்கிறது. அங்கே மூலமொழியான கிரேக்கத்தில் உள்ள சொல், கடன்பட்டவர் தம் கைப்பட எழுதிக்கொடுக்கும் சீட்டைக் குறிக்கும். கடன்பட்டவரே எழுதிய சீட்டு என்பதால், அதை அவர் மறுக்கவும் முடியாது. அந்தச் சீட்டுத்தான் ஆணியடிக்கப்பட்டது என்று கடிதம் சொல்கிறது.

இப்படி முறிந்த உறவு மீண்டும் சேர்க்கப்படுவதற்கு ‘ஒப்புரவு’ என்று பெயர். நம்பிக்கையோடு இதற்கு என்ன தொடர்பு? தன் கடந்தகாலத்தை நினைத்து அஞ்சுகிறவர் எதிர்காலத்தை நம்பிக்கையோடு பார்க்க மாட்டார். வரப்போவது எல்லாமே கணக்குக் கேட்க வருவதாகத்தான் அவருக்குத் தோன்றும். கணக்கு ஏற்கெனவே தீர்க்கப்பட்டது என்று தெரிந்தவருக்கு, வருகிறவரை வாசலில் நின்று வரவேற்கலாம்.

கோபக்காரத் தந்தையும் அப்பாவி மகனுமா?

இங்கே ஒரு தவறான புரிதலை விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. ஏனென்றால் அது பலரைக் கிறிஸ்தவத்தைவிட்டே விலக்கியிருக்கிறது. மனிதர்மேல் கடுங்கோபத்தில் இருந்த கடவுள், யாரையாவது அடித்தால்தான் ஆறும் என்ற நிலையில், சம்பந்தமில்லாத ஓர் அப்பாவியைப் பிடித்து அடித்துவிட்டு அமைதியானார் என்பதே அந்தச் சித்திரம். ஒரு வீட்டில் இப்படி நடந்தால் நாம் அந்தத் தகப்பனைக் கண்டிப்போம். கடவுள் செய்தால் மட்டும் அதைப் புகழ வேண்டுமா என்று கேட்பவர்களின் கேள்வி நியாயமானது.

ஆனால் திருச்சபை அறிக்கையிட்ட விசுவாசம் அந்தச் சித்திரத்துக்கு இடம் தரவில்லை. சிலுவையில் தொங்கியவர் கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மூன்றாம் ஆள் அல்லர் என்பதே அதன் அடிப்படை. கி.பி. 325இல் நிசேயா நகரில் கூடிய ஆயர்கள், மகனாகிய கிறிஸ்து தந்தையோடு ஒரே தன்மை உடையவர் என்று அறிவித்தார்கள். கேட்பதற்கு வறண்ட சொற்றொடராகத் தோன்றும் இது, சிலுவையைப் புரிந்துகொள்வதற்கு இன்றியமையாதது. கடன் கொடுத்தவர் தம் நட்டத்தை வழியில் போகிற ஒருவர் தலையில் கட்டவில்லை, தாமே ஏற்றார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் பவுல் சொல்வதும் இதுவே: கடவுள் கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார். உலகம் கடவுளைச் சமாதானப்படுத்தியதாக அவர் எழுதவில்லை; ஒப்புரவாக்கும் செயலைத் தொடங்கியவர் கடவுளே.

சிலுவை ‘எப்படி’ மீட்பைத் தருகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. ‘மீட்பு’ என்ற சொல்லின் வேரே, அடகிலோ அடிமைத்தனத்திலோ இருப்பதை விலைகொடுத்துத் திரும்பப் பெறுவதில் இருக்கிறது. தொடக்ககாலத் திருச்சபை அந்த உவமையையும், தீமையின் ஆற்றல்களைக் கிறிஸ்து வென்றார் என்ற போர்க்கள உவமையையும் விரும்பியது. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் அன்செல்ம் என்ற இறையியலாளர், கடவுளின் மாண்புக்கு நேர்ந்த இழுக்கைச் சரிசெய்வதாகச் சிலுவையை விளக்கினார். அவருக்கு அடுத்த தலைமுறையைச் சேர்ந்த அபெலார் என்ற இறையியலாளர், கடவுளின் அன்பைக் கண்டு மனிதர் மனம் மாறுவதை வலியுறுத்தினார். 16ஆம் நூற்றாண்டின் திருச்சபைச் சீர்திருத்தவாதிகள், நமக்குரிய தண்டனையைக் கிறிஸ்து ஏற்றார் என்று நீதிமன்ற மொழியில் பேசினார்கள். திருச்சபை முழுவதற்கும் பொதுவான விசுவாச அறிக்கைகள் இவற்றுள் எதையும் ஒரே விளக்கமாக அறிவித்துவிடவில்லை. ‘நமக்காக’ என்ற சொல்லோடு அவை நின்றுவிடுகின்றன. புதிதாகக் கற்பவர் ஏதாவது ஒரு விளக்கத்தைப் பற்றிக்கொண்டு மற்றவற்றைத் தள்ள வேண்டிய தேவை இல்லை என்பதே என் கருத்து.

கைவிடப்பட்டவரின் குரல்

மன்னிப்பைப் பற்றி மட்டும் பேசி நிறுத்தினால் பாதிதான் பேசியிருப்போம். உலகத்தில் குற்றம் செய்கிறவர்கள் மட்டுமா இருக்கிறார்கள்? குற்றத்துக்கு இரையாகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு தவறும் செய்யாமல் நோயில் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் ‘உன் பாவம் மன்னிக்கப்பட்டது’ என்று மட்டும் சொன்னால், அவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதாக ஆகும்.

மாற்கு நற்செய்தியில், சிலுவையில் இயேசு பேசியதாகப் பதிவாகியிருப்பது ஒரே ஒரு வாக்கியந்தான்: “என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?” இது விவிலியத்தின் பாடல் தொகுப்பில் உள்ள 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்தச் சங்கீதம் புகழ்ச்சியில் முடிகிறது என்பது உண்மை. அதைச் சுட்டிக்காட்டி, இயேசு உண்மையில் கைவிடப்பட்டதாக உணரவில்லை, முழுப் பாடலையும் மனத்தில் வைத்துத்தான் சொன்னார் என்று சிலர் இதை மென்மையாக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாற்கு நமக்குக் கொடுப்பது முதல் வரியை மட்டுமே. அதையும், உரத்த குரலில் கூப்பிட்டார் என்று சொல்லித்தான் கொடுக்கிறார்.

யூர்கன் மோல்ட்மன் என்ற ஜெர்மானிய இறையியலாளரின் இளமைக்காலம் இதற்கு நல்ல விளக்கம். 1943இல் ஹாம்பர்க் நகரம் குண்டுவீச்சில் எரிந்தபோது அவருக்கு வயது பதினேழு. பக்கத்தில் நின்ற நண்பன் இறந்தான், இவர் பிழைத்தார். நான் ஏன் சாகவில்லை என்ற கேள்வியோடு 1945இல் போர்க்கைதியானார். ஸ்காட்லாந்து முகாமில் படைக்குரு ஒருவர் அவருக்கு விவிலியம் ஒன்றைக் கொடுத்தார். மதப்பற்று இல்லாத குடும்பத்தில் வளர்ந்த அவர், மாற்கு நற்செய்தியை வாசித்து இந்தக் கதறலுக்கு வந்தபோது, தம்மைப் புரிந்துகொள்ளும் ஒருவர் இங்கே இருக்கிறார் என்று உணர்ந்ததாகப் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஊர் எரிந்து, நாட்டின் கொடுமைகள் அம்பலமாகி, முள்வேலிக்குள் இருந்த ஓர் இளைஞனுக்கு ‘எல்லாம் நல்லபடியாக முடியும்’ என்ற வாக்கியம் எட்டியிருக்காது. கைவிடப்பட்ட ஒருவரின் குரல் எட்டியது. பிற்காலத்தில் அவர் நம்பிக்கையைப் பற்றிய இறையியலுக்காகவே உலகெங்கும் அறியப்பட்டார்.

இதன் உள்ளியக்கத்தை இப்படிச் சொல்லலாம். மேலே நின்றுகொண்டு அறிவுரை சொல்கிறவர் தரும் தைரியம், கேட்பவரின் நிலைமை ஓர் எல்லையைத் தாண்டியதும் பயனற்றதாகிவிடும். கடவுள் அந்த எல்லைக்கு அப்பாலும், சாவும் அவமானமும் கைவிடப்படுதலும் இருக்கும் இடத்துக்கே வந்திருக்கிறார் என்று சிலுவை சொல்கிறது. ஆகவே ‘இங்கே கடவுள் இருக்க முடியாது’ என்று சொல்லத்தக்க இடம் எதுவும் மீதமில்லை.

உயிர்த்தெழுதல்: அச்சாரம்

உடன் வந்து துன்பப்படுகிறவர் ஆறுதல் தருவார். ஆனால் இருவரும் சேர்ந்து மூழ்கினால் அது நம்பிக்கை ஆகாது. சிலுவையோடு கதை முடிந்திருந்தால், இயேசு மனத்தை நெகிழவைக்கும் ஒரு தியாகியாக நினைவில் நின்றிருப்பார், அவ்வளவே. பவுல் இதை மறைக்கவில்லை. கிறிஸ்து எழுப்பப்படவில்லை என்றால் உங்கள் விசுவாசம் வீண் என்று அவரே எழுதுகிறார்.

‘உயிர்த்தெழுதல்’ என்பது இறந்தவர் பழைய வாழ்வுக்கே திரும்பி வந்து, பிறகு மீண்டும் இறப்பதைக் குறிக்காது. உடலோடு வாழ்ந்து இறந்த மனிதரையே கடவுள் சாவு இனி தொட முடியாத புதிய வாழ்வுக்குள் எழுப்புவதைக் குறிக்கும். சிலுவையில் கேட்ட இரட்டைத் தீர்ப்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பேரரசு குற்றவாளி என்றது. கடவுளும் கைவிட்டதாகத் தோன்றியது. உயிர்த்தெழுதலில் மேல்முறையீட்டின் தீர்ப்பு வருகிறது. அந்த மனிதர் வாழ்ந்த விதமும் அவர் காட்டிய கடவுளும் உண்மை என்று கடவுளே உறுதிசெய்கிறார்.

இது நடந்துமுடிந்ததென்றால் ஏன் இன்னும் மருத்துவமனைகள் நிறைந்திருக்கின்றன, ஏன் போர்கள் நடக்கின்றன? இந்தக் கேள்விக்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் ஓர் அருமையான சொல் இருக்கிறது: அச்சாரம். ஒரு நிலத்தையோ வீட்டையோ வாங்கப் பேசி முடித்ததும், முழுத்தொகைக்கு முன்னோட்டமாக ஒரு பகுதியைக் கொடுத்து உறுதிசெய்வது அச்சாரம். அது வெறும் வாக்குறுதிச் சொல் அன்று; கையில் விழுந்த பணம். முழுத்தொகையும் அன்று, மீதி வர வேண்டியிருக்கிறது. ஆனால் அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்க மாட்டார் என்று நம்பி, நாம் மற்ற ஏற்பாடுகளைத் தொடங்கிவிடுவோம். கடவுள் நமக்குத் தந்திருக்கும் தம் ஆவியை அச்சாரம் என்று பவுல் அழைக்கிறார். இயேசுவின் உயிர்த்தெழுதலை அவர் ‘முதற்பலன்’ என்கிறார். வயலில் முதலில் விளைந்து அறுக்கப்படும் கதிர் அது. முதல் கதிர் வந்துவிட்டால் அறுவடைக் காலம் தொடங்கிவிட்டது; ஆனால் வயல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

சுருக்கமாக இங்கே நிறுத்திப் பார்த்தால்: சிலுவையில் கணக்குத் தீர்க்கப்பட்டது, கைவிடப்பட்டவர்களின் இடத்துக்குக் கடவுள் வந்தார், உயிர்த்தெழுதலில் அச்சாரம் கொடுக்கப்பட்டது, மீதிக்காக உலகம் காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பின் பெயர்தான் நம்பிக்கை.

எதற்காகக் காத்திருப்பது?

‘செத்த பிறகு ஆத்துமா மோட்சத்துக்குப் போகும்’ என்பதோடு கிறிஸ்தவ நம்பிக்கை முடிந்துவிடுகிறது என்று பல கிறிஸ்தவர்களே எண்ணுகிறார்கள். இறந்தவர்கள் கடவுளின் பாதுகாப்பில் இருக்கிறார்கள் என்பது அதில் அடங்கும். ஆனால் விவிலியம் அதைவிடப் பெரிய ஒன்றை எதிர்நோக்குகிறது. இறந்தோர் உயிர்த்தெழுவார்கள் என்றும், படைப்பு முழுவதுமே அழிவின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெறும் என்றும் சொல்கிறது. ரோமருக்கு எழுதிய கடிதத்தின் 8ஆம் அதிகாரம், படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் முனகுவதாகக் கூறுகிறது. பிரசவ வேதனை என்ற உவமையைப் பவுல் யோசித்தே தேர்ந்திருக்க வேண்டும். சாகும் வலியும் பிள்ளைபெறும் வலியும் வெளியே கேட்பவருக்கு ஒன்றுபோலவே ஒலிக்கும். வித்தியாசம் அதன் முடிவில் இருக்கிறது.

இதனால் இந்த உலகத்துக் காரியங்கள் அற்பமாகிவிடுவதில்லை. உடல் எழுப்பப்படும் என்றால், பட்டினி கிடக்கும் உடலுக்கும் சித்திரவதைக்குள்ளாகும் உடலுக்கும் கடவுளின் கணக்கில் மதிப்பு இருக்கிறது. உயிர்த்தெழுந்த இயேசு தம் சீடர் தோமாவுக்குத் தம் கைகளைக் காட்டியபோது ஆணித் தழும்புகள் அங்கேயே இருந்தன என்று யோவான் எழுதுகிறார். புதிய வாழ்வு அந்தத் தழும்புகளை அழித்துவிடவில்லை. சிலுவையில் பட்டது ஒரு கெட்ட கனவாக மறக்கப்படவும் இல்லை. துன்பப்பட்டவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்பதை நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

‘இது நான் சுமக்க வேண்டிய சிலுவை’

சிலுவையைப் பற்றிய சொற்களில் மிக அதிகமாகத் தவறாகப் பயன்படுவது இதுதான். தீராத மூட்டுவலி, கடுகடுத்த மேலதிகாரி, குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவன் என்று எதற்கும் இந்தச் சொல் ஒட்டப்படுகிறது. ரோமர் காலத்தில் தண்டிக்கப்பட்டவர் சிலுவையின் குறுக்கு மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு கொலைக்களத்துக்கு நடப்பார். தம்மைப் பின்பற்ற விரும்புகிறவர் தம் சிலுவையை எடுத்துக்கொண்டு வரட்டும் என்று இயேசு சொன்னபோது, கேட்டவர்கள் மனத்தில் அந்தக் காட்சிதான் எழுந்திருக்கும். அதாவது, அவர் வழியில் நடப்பதால், உண்மையைச் சொல்வதால், ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்பதால் வரும் விலையை அறிந்தே ஏற்பது. அதை ‘எடுத்துக்கொள்ள’ வேண்டும். பிறர் நம்மேல் சுமத்துவது அந்தச் சிலுவை ஆகாது.

வீட்டில் அடிபடும் ஒரு பெண்ணிடம் ‘பொறுத்துக்கொள், இது உன் சிலுவை’ என்று யாராவது சொன்னால், அவர் சிலுவையை அதன் பொருளுக்கு நேர் எதிராகத் திருப்பி, அடிப்பவனின் கையில் கொடுக்கிறார். நோய் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். கொடுமை நடந்தால் அதிலிருந்து விடுபட்டுப் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். இயேசு நோயாளிகளைக் கண்டபோது இது உன் சிலுவை என்று ஒருவரிடமும் சொல்லவில்லை, குணமாக்கினார்.

சிலுவையைக் காப்புப்பொருளாகக் கருதுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். சிலுவை அணிந்தவருக்கு விபத்து நேராது, தொழில் நொடிக்காது என்று அது எங்கும் வாக்களிக்கவில்லை. அதில் தொங்கியவருக்கே அந்த விலக்கு கிடைக்கவில்லை.

துக்க வீட்டில்

இந்த விளக்கங்கள் எல்லாம் சோதிக்கப்படும் இடம் துக்க வீடு. அங்கே கிறிஸ்தவர்கள் நல்ல எண்ணத்தோடு சொல்லும் பல வாக்கியங்கள் காயப்படுத்துகின்றன: ‘அழாதீர்கள், அவர் நல்ல இடத்துக்குப் போய்விட்டார்’, ‘கடவுளுக்கு ஒரு மலர் தேவைப்பட்டது, பறித்துக்கொண்டார்’. குழந்தையை இழந்த தாயிடம் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்கிறவர், கடவுளைத் திருடனாக்குகிறார் என்பதை உணர்வதில்லை. புதிய ஏற்பாடு சாவைக் ‘கடைசிப் பகைவன்’ என்று அழைக்கிறது. பகைவனை நண்பனாக அலங்கரித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு இல்லை.

தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல், இறந்தவர்களைக் குறித்து, நம்பிக்கையற்றவர்களைப்போல் துக்கப்படாதிருங்கள் என்கிறார். துக்கப்படாதிருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நம்பிக்கை உள்ளவரும் துக்கப்படுவார். சொல்லப்போனால், சாவு இயல்பானதுதான் என்று சமாதானம் செய்துகொள்ள மறுப்பதால் அவர் துக்கம் இன்னும் கூர்மையாகக்கூட இருக்கலாம்.

யோவான் நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் இயேசு தம் நண்பர் லாசருவின் ஊருக்கு வருகிறார். லாசரு இறந்து நான்கு நாள் ஆகிவிட்டது. அவரை எழுப்பப்போவது இயேசுவுக்குத் தெரியும். சீடர்களிடம் முன்பே சொல்லியும் இருக்கிறார். இருந்தும் லாசருவின் சகோதரி மரியாள் அவர் பாதத்தில் விழுந்து அழுவதையும், உடன் வந்தவர்கள் அழுவதையும் கண்டபோது, இன்னும் சற்று நேரத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று அவர் அவளிடம் சொல்லவில்லை. அவனை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டார். வந்து பாருங்கள் என்றார்கள். இயேசு கண்ணீர் விட்டார். பிறகுதான் கல்லறையை மூடியிருந்த கல்லை அகற்றச் சொன்னார்.